பின்னல் முடியும்வரை

ரயில் நிலைய வாசலில் அனுமதியில்லாமல் தலை பின்னிவிட்டுத்தான் மரேம் அந்த நகரத்தில் பிழைத்தாள். செனகலிலிருந்து வந்தவளுக்கு வேறு வேலை கிடைக்கவில்லை. அன்று அவள் முழங்கால்களுக்கிடையே முதுகு காட்டி உட்கார்ந்த வெள்ளைக்காரி கேள்விகளாகக் கேட்டாள்.

"ஒரு நாளைக்கு எத்தனை பேருக்குப் பின்னுவீங்க?"

"நீங்கதான் முதல் ஆள், மேடம்."

"நேத்தும் இங்கதானே இருந்தீங்க?"

பக்கத்தில் விக்குக்குச் சிக்கெடுத்துக்கொண்டிருந்த அவள் ஊர்க்காரி கும்பா தங்கள் மொழியில் முணுமுணுத்தாள்: "ஷூவைப் பாருடி, போலீஸ்காரியேதான். ஓடிரு!"

பிடிபட்டால் செனகலுக்கே விமானம் ஏற்றிவிடுவார்கள், ஓடினால் துரத்துவார்கள். கூந்தல் தன் பிடியில் இருக்கும்வரை இவள் எழப்போவதில்லை என்று மரேமுக்குத் தோன்றியது. கடைசிப் பின்னல் கழுத்தை எட்டியிருந்தது.

"முடிஞ்சுதா?"

"கோணிப்போச்சு, மேடம்" என்று சொல்லி, நேராக இருந்த பின்னலை உச்சிவரை அவிழ்க்கத் தொடங்கினாள் மரேம்.