ஒரே ஒரு பங்கு

பங்குச்சந்தையின் பழைய பதிவுகளைச் சரிபார்த்துச் சுருக்குவது ரெஜினாவின் வேலை. எப்போதோ மூடிப்போன ஒரு நூற்பாலையின் பதிவில் அவள் கை நின்றது. வாங்க வந்தவர் தரும் விலைக்கான கட்டத்தில் தினமும் தொண்ணூற்றொரு ரூபாய், ஒரே ஒரு பங்கு. விற்பவர் கட்டம் காலி.

“வியாபாரமே நடக்கலையே மேடம். அந்த வரியெல்லாம் தூக்கிடுங்க,” என்றான் பக்கத்து மேசை ஜவஹர்.

“சாயங்காலம் சந்தை மூடினா இந்த ஆர்டர் தானா ரத்தாயிடும், ஜவஹர். அப்போ யாரோ தினம் காலைல புதுசா போட்டிருக்காங்க. ஒன்பது வருஷமா.”

“வேற வேலை இல்லாத ஆளா இருக்கும்.”

அவள் பதிவின் வரிகளில் கீழே இறங்கிக்கொண்டே போனாள். பொங்கல் முடிந்த காலை, தேர்தலுக்கு மறுநாள், எப்போதும் அதே தொண்ணூற்றொரு ரூபாய். பத்தாம் வருடம், ஒரு புதன்கிழமை, வாங்குபவர் கட்டம் முதல்முறையாகக் காலியாக இருந்தது. அதன்பின் அது நிரம்பவே இல்லை. மறுநாள் வியாழக்கிழமை, இத்தனை வருடம் காலியாகக் கிடந்த எதிர்க்கட்டத்தில் விற்க ஒருவர் வந்திருந்தார். ஒரே ஒரு பங்கு, தொண்ணூற்றொரு ரூபாய்.

வெள்ளிக்கிழமையும் வந்திருந்தார். திங்கட்கிழமையும். அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும்.

“தூக்கியாச்சா மேடம்?”

“இருங்க,” என்றாள் ரெஜினா. “இங்க ஒருத்தர் காத்துக்கிட்டிருக்காங்க.”