கொழும்பு, லண்டன், திருச்சி

“சேர், நாளைக்குப் பள்ளிக்கூடம் இல்லையாம். அம்மாவின்ரை வட்ஸ்அப்பிலை வந்தது,” என்றாள் கோபிகா.

பதினோராம் வகுப்பு மேசைகளைத் தட்டி ஆரவாரித்தது.

குடியியல் ஆசிரியர் பஞ்சலிங்கம் புத்தகத்தை மூடினார். “பொறுங்கோ. மூண்டு இடத்திலை பாத்தனீங்களோ?”

ஒருவரும் பார்த்திருக்கவில்லை.

மூன்று இடம் என்பது பாடப்புத்தகத்தில் இல்லை. அவருடைய ஐயா சொன்னது. அந்தக் கதையைத் தொடங்கியதும் அவர் முகம் மலர்ந்தது.

போர்க்காலம். குடாநாட்டில் மின்சாரம் இல்லை. செய்தி நேரமானால் ஐயா சைக்கிளை முற்றத்து மணலில் தலைகீழாக நிறுத்துவார். சிறுவன் பஞ்சலிங்கம் பெடலைக் கையால் சுற்றுவான். டைனமோவில் பொருத்திய வானொலி கரகரத்துப் பேசத் தொடங்கும்.

கொழும்பு, லண்டன், திருச்சி. மூன்று நிலையச் செய்தியையும் கேட்ட பிறகுதான் ஐயா வாயைத் திறப்பார்.

அயலவர்கள் எல்லோரும் கூடிவிடுவார்கள். அம்மா பனங்கட்டியும் தேநீரும் கொடுப்பார். கை ஓய்ந்தால் செய்தியும் நின்றுவிடும். எல்லோரும் அவனை ஏசுவார்கள்.

செய்தி முடிந்ததும், கடல்தொழிலுக்குப் போகும் அண்ணன் தவராசா எழுந்து அறிவிப்பாளர்களைப் போலப் பேசிக்காட்டுவார். அன்றைய மீன் விலையை லண்டன் குரலில் வாசிப்பார். அம்மா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைப்பார்.

பஞ்சலிங்கமும் அந்தக் குரலில் சூடை, சாளை விலை வாசித்தார். வகுப்பு விழுந்து விழுந்து சிரித்தது.

கோபிகா கையை உயர்த்தினாள். “மூண்டும் வேறை வேறையாச் சொன்னா என்ன செய்யிறது, சேர்?”

அவர் சிரிப்பு மெல்ல அடங்கியது.

ஒருநாள், கடலுக்குப் போன வள்ளமொன்று திரும்பவில்லை. ஆயுதம் ஏற்றிய வள்ளத்தை அழித்ததாகக் கொழும்பு சொன்னது. மீனவர்கள் இறந்திருக்கலாம் என்றது லண்டன். சிலர் இந்தியக் கரையில் ஏறியதாகத் திருச்சி சொன்னது.

பெடலைச் சுற்றியபடியே அவன் மூன்றையும் கேட்டான்.

“மூண்டும் ஒண்டைச் சொல்லேல்லை. நம்பாதை,” என்று ஐயா அம்மாவிடம் சொன்னார்.

அன்று பேசிக்காட்ட யாரும் எழவில்லை.

இதையெல்லாம் அவர் வகுப்பில் சொல்லவில்லை.

“தேடிக்கொண்டே இருக்கவேணும், பிள்ளை,” என்றார்.

அண்ணனுக்கு அந்த வீட்டில் இன்றுவரை திவசம் செய்ததில்லை.