டேங்குக்குள் ஒரு தோடு
கார் கொட்டகைக்குள் காலை வெயில் சரிகிறது. பழைய காரின் பெட்ரோல் டேங்க் எங்கள் இருவர் மடியிலும் கிடக்கிறது. உள்ளே இரும்பு நட்டுகளைப் போட்டுக் குலுக்கி உதிர்த்துக் கொட்டிய துருவில் இன்னொரு காரே செய்யலாம். ஓட்டைகளை அடைக்க நேற்று ஊற்றிய பூச்சு கல்லாக இறுகிவிட்டது. மாலையில் காரை வாங்க ஆள் வருகிறார். விற்றே தீர வேண்டும் என்றவள் என் மனைவி. அவள் டேங்கின் வாய்க்குள் டார்ச் அடிக்கிறாள். அடியில், பூச்சில் பாதி புதைந்து, ஏதோ மின்னுகிறது. அவள் கை மெல்ல வலது காதுக்குப் போகிறது. “ஐயையோ, என் தோடு! நேத்து குனிஞ்சப்போ விழுந்திருக்கு. எடுக்க முடியுமாங்க?” “மலையைக்கூடப் பெயர்க்கலாம், இதைப் பெயர்க்க முடியாதும்மா.” “அப்போ காரை விக்க வேண்டாம். அந்த ஆளை வர வேணாம்னு சொல்லிடுங்க.” முகத்தைச் சோகமாக வைத்துக்கொள்ள, முப்பது வருஷம் மேலதிகாரிகளிடம் பழகிய வித்தை முழுவதும் எனக்குத் தேவைப்படுகிறது.