பக்கத்துக் கடை

புடவைக் கடையில் திருடியதற்காகத் தீவுக்கு நாடு கடத்தப்பட்ட செண்பகவடிவுக்கு அங்கே கொடுத்த வேலை, ஊர்க் கடைகளைக் கேமராவில் கண்காணிப்பது. திருடியவளுக்குத்தான் திருட்டு கண்ணில் படும் என்று அரசாங்கம் நினைத்தது. யாராவது எதையாவது எடுத்தால் பொத்தானை அமுக்க வேண்டும். கடையில் மணி அடிக்கும். எடுத்தவள் அடுத்த கப்பலில் தீவுக்கு வந்துவிடுவாள். தீவிலிருந்து திரும்பிப் போகக் கப்பல் கிடையாது.

அன்று திருநெல்வேலிக் கடையொன்றில் அவள் மகள் பூரணி நின்றுகொண்டிருந்தாள். ஒரு பட்டுப்புடவையை எடுத்துத் துப்பட்டாவுக்குள் செருகினாள். பாதிப் புடவை வெளியே தொங்கியது. செண்பகவடிவுக்கு எரிச்சலாக இருந்தது. இப்படியா ஒருத்தி எடுப்பாள்?

பூரணி கேமராவை நிமிர்ந்து பார்த்து, "வந்துருதேன்ம்மா" என்றாள்.

பக்கத்து நாற்காலி ரோஸ்லின் எட்டிப் பார்த்தாள். "ஒங்க மவளாக்கா? சட்டுன்னு அமுக்குங்க. எந் தங்கச்சிய நான் இப்படித்தான வரவழச்சேன்."

"புடவைய ஒளிக்கத் தெரியாதவள்லாம் திருடியா? போ, ஒன் சோலியப் பாரு" என்ற செண்பகவடிவு, கையைப் பொத்தானிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

பூரணி வாசலில் வெகுநேரம் நின்றாள். மணி அடிக்கவில்லை. திரும்பி வந்து புடவையை இருந்த இடத்திலேயே வைத்தாள். பிறகு பக்கத்துக் கடைக்குள் நுழைந்தாள்.

அந்தக் கடையைக் கண்காணிப்பது ரோஸ்லின்.