சோயா மீது ஒரு குற்றப்பத்திரிகை

"எல்லாம் இந்தச் சோயாவால வந்த வினை, டொக்டர்."

கதிரையில் உட்காரும் முன்பே முத்துலிங்கம் தீர்ப்பைச் சொல்லிவிட்டார். நாவலப்பிட்டியில் ஒரு கோயிலின் செயலாளர் அவர். எங்கே போனாலும் கையோடு ஒரு தீர்ப்பைக் கொண்டுபோவார்.

பின்னால் மருமகள் புஸ்பராணி நின்றாள். கல்யாணமாகி ஒரு வருஷத்தில் மூன்று தடவை வலிப்பு. கையில் துணிமணிப் பை. கிளினிக் முடிந்ததும் கண்டி குட்ஷெட் பஸ் நிலையத்தில் ஏற்றி, மடுல்கெல்லையில் தாய் வீட்டோடு விட்டுவிடுவதாக மாமனார் ஏற்பாடு. டொக்டர் வாயாலும் ஒரு வார்த்தை வாங்கிவிட்டால் நாளைக்கு ஊர் தன்னைக் குறை சொல்லாது என்பது அவர் நினைப்பு.

"நீங்க உட்காருங்கம்மா," என்றார் டொக்டர் றலியா.

"சோயாவுல பெண் ஹோர்மோன் இருக்காம். அது கூடினா வலிப்பு வருமாம். போன்ல வந்திச்சு. நான் சொல்லியும் இது கேக்கல்லங்க. சோயா மீட் இல்லாம சோறு இறங்காது இதுக்கு."

"பெண் ஹோர்மோனுக்கும் வலிப்புக்கும் சம்பந்தம் இருக்கு ஐயா. அது ஏறி இறங்குற நாள்கள்ல சில பேருக்கு வலிப்பு கூடும். சோயாவுல இருக்கிறது அதைப் போல ஒண்ணு, செடியில உள்ளது. ஆனா கறிக்குப் போடுற அளவுல அது வலிப்பைக் கொண்டுவரும்னு யாரும் உறுதியாச் சொல்லல்ல."

முத்துலிங்கத்துக்கு இந்த டொக்டரின் படிப்பில் சந்தேகம் வந்தது.

"கல்யாணத்துக்கு முந்தி எப்படிம்மா?"

"மூணு வருஷமா வரல்ல டொக்டர். மருந்து ஒரு நாளும் விட்டதில்ல. இப்பவும் குடிக்கிறேன்."

"வலிப்பு வந்த திகதி தெரியுமா? மாதவிலக்கு வந்த திகதி?"

"ஆம்பிளைங்க இருக்கிற இடத்தில அந்தப் பேச்சு எதுக்குங்க?" முத்துலிங்கம் முகத்தைச் சுளித்தார். "வலிப்பு வந்த திகதி என்கிட்ட இருக்கு."

சட்டைக்குள்ளிருந்து ஒரு கொப்பியை எடுத்தார். கமிட்டிக் கூட்டங்களுக்குக் குறிப்பு எழுதிப் பழகிய கை. வீட்டில் என்ன சமைத்தார்கள், யார் வந்தார்கள், யார் தும்மினார்கள் என்று எல்லாவற்றுக்கும் திகதி போட்டு வைத்திருந்தார். சோயா சமைத்த நாள்களுக்கு மட்டும் சிவப்பு மையில் கோடு.

டொக்டர் ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார்.

"முப்பத்தொரு நாள் சோயா சாப்பிட்டிருக்காங்க. வலிப்பு வந்தது மூணு நாள்தான். அந்த மூணும் கோயில் திருவிழா முடிஞ்ச மூணாம் நாள்."

முத்துலிங்கத்தின் முகம் மலர்ந்தது. "பாத்தீங்களா? அன்னதானத்திலயும் சோயாக் கறிதான். அடுத்த கூட்டத்திலயே தடை பண்ணித் தீர்மானம் போட்டுடுறேன்."

புஸ்பராணி பையின் வாரை இறுக்கிப் பிடித்தாள். அவள் கண் கலங்கியிருந்தது.

டொக்டரின் விரல் கொப்பியின் ஒரு பக்கத்தில் நின்றது. பின்னால் புரட்டி இன்னொரு பக்கத்தையும் பார்த்தார்.

"இது உங்க எழுத்துத்தானே ஐயா?"

"என் எழுத்துத்தான். ஒண்ணு விடாம எழுதுவேன்."

டொக்டர் வாசித்தார்:

"எங்கள் உபயத்தில் பால்குடம் எடுக்க வேண்டிய மருமகளுக்குத் தீட்டு வந்துவிடாதபடி, நாள் தள்ளிப்போடும் மாத்திரையை நானே பாமசியில் வாங்கி, பத்து நாள் கொடுத்தேன். பூசை சிறப்பாக நிறைவேறியது. இப்படிக்கு, முத்துலிங்கம்."

டொக்டர் கொப்பியை மூடினார்.

"மூணு திருவிழாவுக்கும் இதையேதான் எழுதியிருக்கீங்க. அது ஹோர்மோன் மாத்திரை ஐயா. நிப்பாட்டினதும் உடம்புல ஹோர்மோன் சட்டுன்னு இறங்கும். வலிப்புக்கு அதுதான் காரணமா இருக்கலாம். இனி எங்களைக் கேக்காம அதைக் குடுக்காதீங்க. சோயாவை அது பாட்டுக்கு விடுங்க."

முத்துலிங்கம் கொப்பியை வாங்கிச் சட்டைக்குள் ஆழமாகச் செருகினார். பிறகு மருமகளிடம் கையை நீட்டினார்.

"பையைக் குடும்மா. நாவலப்பிட்டி பஸ் போயிடும்."

புஸ்பராணி பையைக் கொடுத்தாள். வாசல் வரை வந்த பிறகு மெதுவாகக் கேட்டாள்:

"இன்னைக்கு டொக்டர் சொன்னதையும் எழுதுவீங்கதானே மாமா?"