கடைசி ஒன்றரை நிமிடம்

"அங்கிள், கடைசி ஒன்றரை நிமிஷம் எங்க?"

ஹெட்ஃபோனைக் கழற்றிய வேகத்தில் ஜோவன்னாவின் மூக்குக்கண்ணாடியும் கூடவே கழன்று வந்தது.

"வெட்டிட்டேன்மா," என்றார் கதிரேசன், டீயை உறிஞ்சிக்கொண்டே.

டன்லப் தெருவில் ஒரு துணிக்கடைக்கு மேல்மாடியில் அவருடைய ஒலிப்பதிவுக் கூடம். முப்பத்து நாலு வருஷத் தொழில். பஜனைப் பாட்டு, கல்யாண நாகஸ்வரம், வானொலி நாடகம் என்று அவர் கைபடாதது இல்லை. தொழிலில் அவருக்கு 'காது கதிரேசன்' என்றே பெயர். கம்ப்யூட்டர் திரையை முறைத்துக்கொண்டு வேலை செய்கிறவர்களைக் கண்டால் அவருக்கு இளக்காரம். கண்ணை இறுக மூடிக்கொண்டுதான் எதையும் கேட்பார்.

ஜோவன்னா எழுதியிருந்தது இரண்டு வயலின், ஒரு வயோலா, ஒரு செல்லோ என்று நான்கு பேர் வாசிக்கும் புது இசை. இருபது நிமிடம். போன ஞாயிற்றுக்கிழமை புக்கிட் பாஞ்சாங்கில் ஒரு தேவாலய மண்டபத்தில் அவர்கள் வாசிக்க, பக்கத்து அறையில் மெஷினோடு உட்கார்ந்து இவர் பதிவு செய்தார். இன்று மாலை ஐந்து மணிக்குள் அது பெர்லினில் உள்ள ஓர் இசைத்தட்டு நிறுவனத்துக்குப் போய்ச் சேர வேண்டும். பிடித்துவிட்டால் அவர்களே வெளியிடுவார்கள். ஆறு வருஷமாகப் பியானோ டியூஷன் எடுத்துக்கொண்டே எழுதி வந்தவளுக்கு முதல் வாய்ப்பு இது.

"ஏன் அங்கிள் வெட்டினீங்க?"

"அதுல ஒண்ணுமே இல்லையேம்மா."

அவள் முகம் சுண்டிப்போயிற்று. "எங்கப்பாவும் இதையேதான் சொல்றாரு. நீங்களுமா?"

கதிரேசனுக்குப் பாவமாக இருந்தது. ஆனாலும் தொழில் தொழில்தான். "பெர்லின்காரன் ஒரு நாளைக்கு நூறு பதிவு கேட்பான். முடிஞ்சிருச்சுன்னு நெனச்சு அடுத்ததுக்குப் போயிடுவான் லா. அவ்வளவு நேரம் யாரு காத்திருப்பா?"

"காத்திருக்கணும் அங்கிள். அந்த ஒன்றரை நிமிஷத்துக்காகத்தான் மீதி எல்லாத்தையும் எழுதினேன். அதுக்கு மட்டும் நாலு மாசம் ப்ராக்டிஸ். செல்லோ வாசிச்ச டெரன்ஸ் அழுதுட்டான், தெரியுமா?"

கதிரேசன் சிரிப்பை அடக்கிக்கொண்டார். இந்தக் காலத்து இசையில் சும்மா இருப்பதையும் இசை என்கிறார்கள் என்று அவரும் கேள்விப்பட்டிருக்கிறார். ஆனால் சும்மா உட்கார்ந்திருக்க நாலு மாதப் பயிற்சி என்பதுதான் அவருக்கு ரொம்பப் புதுசு.

போன் அடித்தது. ஆங் மோ கியோ வீட்டிலிருந்து மனைவி ரத்தினம்மா. ஸ்பீக்கரில் போட்டார்.

"ஏங்க, மார்க்கெட் போயிட்டு வந்து பார்த்தா ஃபிரிட்ஜ் கதவு பப்பரப்பான்னு திறந்து கிடக்கு. அது கீ கீன்னு கத்துது. பக்கத்துலயே உட்கார்ந்து பேப்பர் படிச்சீங்களே, எந்திரிச்சு சாத்திட்டுப் போகக் கூடாதா?"

"நம்ம ஃபிரிட்ஜ் வாயில்லாப் பூச்சிடி. வாங்கி மூணு வருஷமாச்சு, ஒரு நாள் வாயைத் திறந்திருக்குமா? நீதான் கத்துறே." போனை வைத்துவிட்டு ஜோவன்னாவைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். அவள் சிரிக்கவில்லை.

"மணி நாலு இருபது," என்றாள். "ஒரே ஒரு தடவை முழுசாப் போடுங்க அங்கிள். கேட்டுட்டு, அப்பவும் வெட்டணும்னு தோணுச்சுன்னா வெட்டிடுங்க. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

நியாயமாகத்தான் பட்டது. வெட்டியதைத் திரும்பச் சேர்த்து, பெரிய ஒலிபெருக்கியில் கடைசிப் பகுதியை ஓடவிட்டார். வழக்கம்போலக் கண்ணை மூடப் போனவர், சும்மா இருக்கும் இடத்தில் இந்தப் பெண் அப்படி என்னதான் கேட்கிறாள் பார்ப்போம் என்று திறந்தே வைத்துக்கொண்டார்.

செல்லோவின் அடிக்குரல் மெல்லத் தேய்ந்து அடங்கியது. நிசப்தம். கீழே தெருவில் ஒரு லாரி உறுமிக்கொண்டு போனது. கதிரேசன் மனதுக்குள் எண்ண ஆரம்பித்தார். பத்து. இருபது. ஜோவன்னா தலையைச் சாய்த்து அசையாமல் உட்கார்ந்திருந்தாள். முப்பது. அவள் கண் கலங்கியது. அவருக்கு ஐயோ என்றிருந்தது. நல்ல பெண், யாராவது எடுத்துச் சொல்லத்தானே வேண்டும்?

"நீயே பாரும்மா," என்று மெதுவாகச் சொன்னார். "எவ்வளவு ஏத்தினாலும் அங்க ஒண்ணும் கிடையாது."

சத்தத்தைக் கூட்டும் குமிழைப் பிடித்துக் கடைசி வரைக்கும் திருகினார்.

"ஐயோ அங்கிள்! காது கிழியுது, குறைங்க!" ஜோவன்னா இரண்டு காதையும் பொத்திக்கொண்டு துள்ளி எழுந்தாள். "நாலு பேரும் அவ்வளவு உச்ச ஸ்தாயில, கீச்சுன்னு வாசிக்கிற இடத்துல இப்படியா ஏத்துவீங்க?"

கதிரேசன் திரையைப் பார்த்தார். நான்கு வாத்தியங்களுக்கான நான்கு கோடுகளும் சிவப்பில் குதித்துக்கொண்டிருந்தன.

குமிழைத் தணித்தார்.

"என்ன அங்கிள், வெட்டணுமா?"

"வேணாம்மா. ஒரு நொடிகூடத் தொட வேணாம்."

நாலே முக்காலுக்கு அது அப்படியே பெர்லினுக்குப் போயிற்று. அவள் நன்றி சொல்லிவிட்டுப் படியிறங்கும்வரை காத்திருந்து, கதிரேசன் வீட்டுக்குப் போன் போட்டார்.

"ரத்தினம்மா, அந்த ஃபிரிட்ஜு... இதுக்கு முன்னாடியும் கத்தியிருக்கா?"

"என்னங்க இப்படிக் கேட்கிறீங்க? மூணு வருஷமாக் கத்துதே!"