நூற்று இருபதுக்குள்

நிலவறையில் டூரி மிதித்துக்கொண்டிருந்தான். சைக்கிள் நின்ற இடத்திலேயே நின்றது. ஸ்டாண்டின் உருளைமேல் ஏறிய பின்சக்கரம் மட்டும் சுற்றிச் சுற்றி வீட்டையே அதிரவைத்தது.

வெளியே பிப்ரவரி. பள்ளத்தாக்கின் இந்தப் பக்கத்தில் வெயில் விழுந்து மூன்று மாதம் ஆகிறது. மலைப்பாதைகள் ஆளுயரப் பனிக்கு அடியில் கிடந்தன. மார்ச் முதல் தேதி பிள்ளைகள் தெருவில் மணியடித்துக் குளிர்காலத்தை விரட்ட இன்னும் மூன்று வாரம் இருந்தது.

ஜூனில் நூறு கிலோமீட்டர் மலைப் பந்தயம். நாற்பத்தொரு வயதில் அதுதான் கடைசி வாய்ப்பு என்று அவனுக்கே தெரியும். ஆனால் டாக்டர் கையெழுத்துப் போட வேண்டும்.

போன செப்டம்பரில் கடைசி ஏற்றத்தில் சைக்கிளோடு சாய்ந்து விழுந்தான். அவன் மனைவி ஐதா அன்று தண்ணீர்ப் புட்டியோடு மேலே காத்திருந்தாள். அவன் வர வேண்டிய நேரம் தாண்டியும் புட்டியை நீட்டியபடியே நின்றாளாம்.

இதயத் தசையில் வீக்கம் என்றார்கள். குளிர்காலம் முழுக்க மெதுவாக மிதிக்கலாம், துடிப்பு நூற்று இருபதைத் தாண்டக் கூடாது, ஒரு தடவை தாண்டினாலும் ஜூனை மறந்துவிடு என்றார் டாக்டர். மார்பில் கட்டும் பட்டை ஒன்று துடிப்பை எண்ணிப் போனுக்கு அனுப்பும். அந்த எண் அதே நொடியில் பயிற்சியாளன் குர்தினின் போனிலும் தெரியும்.

டூரி மெதுவாக மிதிக்கவில்லை. தொடை எரிய, வியர்வை தரையில் சொட்ட, செங்குத்தில் ஏறுகிற வேகத்தில் மிதித்தான். பிப்ரவரியில் மூச்சு வாங்காதவன் ஜூனில் முதல் ஏற்றத்தைக்கூடத் தாண்டமாட்டான் என்பது அவன் கட்சி. பந்தயக்காரர்களின் புத்தியே தனி.

எண்ணைப் பற்றி அவனுக்குக் கவலை இல்லை. பட்டை அவன் மார்பில் இல்லை. மேலே சமையலறையில், ஐதாவின் ஸ்வெட்டருக்குள் இருந்தது.

அவளைச் சம்மதிக்கவைக்க டிசம்பர் முழுவதும் ஆயிற்று. முடியவே முடியாது என்றாள். இரண்டு நாள் பேசாமல் இருந்தாள். ஜூன் இல்லையென்றால் நான் எதற்கு என்று அவன் கேட்ட அன்றுதான் பட்டையை வாங்கிக் கட்டிக்கொண்டாள்.

குர்தினுக்கு எண் போகாதபடி நிறுத்திவைத்துவிட்டு, ஒரு ஞாயிறு முழுக்க உட்கார்ந்து இருவரும் சோதித்துப் பார்த்தார்கள். சும்மா இருந்தால் அவளுக்கு எழுபத்திரண்டு. மிதிக்கிறவனுக்கு அது போதாது, குர்தின் சந்தேகப்படுவான். இஸ்திரி போட்டால் தொண்ணூற்றைந்து. உருளைக்கிழங்கு துருவினால் நூற்று எட்டு, கச்சிதம். நிலவறைப் படியில் இறங்கி ஏறினால் நூற்று இருபத்து நாலு. அது கூடவே கூடாது. அவள் அக்காவோடு போனில் பேசினால் நூற்று முப்பது. அதற்கும் தடை போட்டான்.

"நீ ஓடல டூரி, என் உருளைக்கிழங்குதான் பந்தயம் ஓடுது," என்றாள் ஐதா. சிரிக்கவில்லை.

அன்றிலிருந்து வாரத்துக்கு நாலு நாள் அந்த வீட்டில் துருவிய உருளைக்கிழங்கை மாவோடு புரட்டி வெண்ணெயில் வறுத்ததுதான் சாப்பாடு. இருவருக்கும் நாக்கு செத்துவிட்டது.

இன்று பாதியில் பின்சக்கரம் உருளையிலிருந்து வழுக்கத் தொடங்கியது. டயர் வழவழவென்று தேய்ந்திருந்தது. டூரி இறங்கி, சைக்கிளைக் கழற்றிச் சுவரில் சாய்த்தான். அது சரிந்து தடாலென்று தரையில் விழுந்தது.

முணுமுணுத்துக்கொண்டே வேறு சக்கரத்தை எடுத்து வைத்துவிட்டு ஸ்பானரைத் தேடினான். பெட்டியில் இல்லை, அலமாரியில் இல்லை. குழாயைச் சரிசெய்ய எடுத்துப் போய்ச் சமையலறை இழுப்பறையில் போட்டது அப்புறம்தான் நினைவுக்கு வந்தது. படியேறினான்.

சமையலறை மேசையில் அவன் போன் அதிர்ந்துகொண்டிருந்தது. குர்தின் எழுதியிருந்தான்.

நாலு நிமிடமாக நூற்று நாற்பத்தெட்டு. இறங்கு, உடனே இறங்கு. டாக்டரிடம் நானே சொல்லிவிடுகிறேன். ஜூன் இல்லை.

டூரிக்குத் தலைக்குள் சூடேறியது. இது என் இதயம் இல்லை என்று குர்தினிடம் சொல்லவும் வழியில்லை. உன் அக்கா கூப்பிட்டாளா, யாரோடு பேசினாய், நூறு தடவை சொன்னேனே என்று ஐதாவைப் பார்த்துக் கத்தினான்.

 அவள் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, மேசை விளிம்பை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். துருவியின்மேல் பாதி உருளைக்கிழங்கு அப்படியே ஒட்டிக்கொண்டு நின்றது. அவள் கண் அவன் முகத்தில் இருந்து நகரவில்லை.

அவன் போனைக் கையில் எடுத்தான். நூற்று நாற்பத்தாறு. வேலை எதுவும் செய்யாமல் உட்கார்ந்திருந்தவளுக்கு நூற்று நாற்பத்தாறு.

பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது இறங்க ஆரம்பித்தது. நூற்று நாற்பது. நூற்று முப்பத்தொன்று.

"கீழ ஏதோ விழுந்துச்சு. அப்புறம் சத்தமே இல்ல," என்றாள் ஐதா.  "படி இறங்கினா எண்ணு ஏறிடும்னு நீதானே சொன்னே."